கால்களைக் கழுவிவிட்டு வரவும்

முதலில் தொலைந்தது இடதுகால் செருப்பு. ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற வழியில், தேயிலைக்கு நடுவே எங்கோ கழன்றிருக்கிறது. வாசலில் நின்றபோது அம்மாதான் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஒத்தச் செருப்போட வர்றே?"

குனிந்து பார்த்தேன். பாதம் முழுக்கச் சேறு, இரண்டு இடத்தில் சரளைக்கல் கிழித்த கோடு. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

குன்னூரிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே இருக்கிற எஸ்டேட் எங்களுடையது. அங்கே தேயிலை ஃபேக்டரியில் மின்சாரப் பராமரிப்பு என் வேலை. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். எந்த மோட்டாருக்கு எப்போது கிரீஸ், எந்த பெல்ட் எப்போது மாற்றியது என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருப்பேன். அந்தப் பழக்கம் சபையிலும் தொடர்ந்தது. பட்டியல் என்றால் ஷீபா என்று ஆகிவிட்டது. இப்போது பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல மூச்சு போதவில்லை. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். யாரும் கேட்காத ஒரு விஷயமும் இதில் உண்டு.

செருப்பு போனது சனிக்கிழமை. மறுநாள் ஆலயத்தில் பாவ அறிக்கை ஜெபத்துக்கு முழங்காலில் நின்றேன். ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் எழவில்லை. ரொம்ப உருக்கமாக ஜெபிக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். அம்மா முழங்கையால் இடித்தார்.

"எந்திரி, பாட்டுச் சொல்லியாச்சு."

"முடியலைம்மா."

இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். திங்கட்கிழமை காலை சீப்பு கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அம்மா எடுத்து, என் தலையை வாரிவிட்டு, ஜீப் கேட்கப் போனார்.

குன்னூரில் மருத்துவர் என் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். எல்லோருக்கும் கால் ஒரு துள்ளுத் துள்ளும். எனக்குத் துள்ளவில்லை. மறு காலும் அப்படியே. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "போன ரெண்டு மூணு வாரத்துல வயித்தால போச்சா?" என்று கேட்டார். ஈஸ்டர் வாரத்தில் நான்கு நாள் போயிற்று. அதைச் சொன்னதும் அவர் ஊட்டிக்குச் சீட்டு எழுதிவிட்டார். ஆம்புலன்ஸில் படுத்தபடி மலை ஏறினேன். ஜன்னலின் மேல்பாதியில் கற்பூர மரங்களின் உச்சி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு சோதனைகள். ஒன்று, முதுகெலும்புக்கு நடுவே ஊசி இறக்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரைக் கொஞ்சம் எடுப்பது. முட்டி முகத்தைத் தொடும்படி சுருண்டு படுக்க வேண்டும். வலியைவிட அந்தச் சுருளலில் மூச்சு போதாததுதான் கஷ்டம். இரண்டாவது, கை கால் நரம்புகளில் சின்ன மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில் போய்ச் சேருகிறது என்று அளப்பது. எனக்கு இந்தச் சோதனை விளக்கமில்லாமலே புரிந்தது. ஃபேக்டரியில் மோட்டார்களுக்கு நான் செய்கிற வேலை இது. திரையில் வந்த அலைகள் தாமதமாகவும் தட்டையாகவும் இருந்தன. ஒரு மோட்டார் அப்படிக் காட்டினால் அன்றே கழற்றி அனுப்பிவிடுவேன்.

வியாதியின் பெயர் கில்லன்-பாரே. சுருக்கமாக ஜி.பி.எஸ்.

"போன்ல வழி காட்டுமே, அதுங்களா டாக்டர்?" என்றார் அம்மா.

சின்ன வயது பெண் மருத்துவர். சிரித்துவிட்டார், உடனே சிரிப்பை நிறுத்தினார். அவர் சொன்னது இதுதான். நரம்பு ஒரு வயர் என்றால் அதன் மேல் ஒரு உறை இருக்கிறது. வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை போட உடம்பு தயாரித்த படை, கிருமி போன பிறகும் நிற்காமல், அந்த உறையை எதிரி என்று நினைத்துப் பிய்க்கிறது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். இடுப்புவரை வந்து நின்றுவிடலாம். மார்புவரை ஏறினால் மூச்சுத் தசை நிற்கும். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை ஐந்து நாள் ஏற்றுவார்கள். அது காப்பீட்டில் கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு உறை மறுபடி வளரும். எவ்வளவு நாளில், எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆழமாக மூச்சு இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். பதினைந்துக்குக் கீழே போனால் தொண்டையில் குழாய். செவ்வாய்க்கிழமை காலை முப்பத்தொன்று. மாலை இருபத்துநான்கு. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தானும் மூச்சைப் பிடித்து என்னோடு சேர்ந்து எண்ணுவார். நான் நிறுத்துகிற எண்ணில் அவரும் நிறுத்திவிடுவார். அவருக்கு மேலே எண்ண முடியும் என்று எனக்குத் தெரியும். புதன் காலை பத்தொன்பது.

அன்று காலை நான் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். கர்த்தருக்கு நான் செய்தவை. ஞாயிறு பள்ளிக்கூடம் ஒன்பது வருஷம். ஆலயத்துக்கு வயரிங் முழுவதும், கூலி வாங்காமல். மைக் செட். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டக் கோபுரத்தில் ஏறியது. திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது. பெரிய வியாழனில் ஆறு வருஷமாகப் பேசின் பிடிப்பது. பதினோரு வரி வந்தது. பட்டியலின் அடியில் என் வேண்டுதலை வைத்தேன். அடுத்த பெரிய வியாழனில் நான் நின்றபடி அந்தப் பேசினைப் பிடிக்க வேண்டும். ஊழியம் செய்யத்தானே கேட்கிறேன், மறுக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஃபேக்டரியில் உதிரி பாகத்துக்கு மனு எழுதுவதுபோலத்தான் இருந்தது, காரணத்தோடு, பழைய பதிவேட்டு எண்ணோடு.

மத்தியானம் எண்ணினேன். பதினான்கு.

பெரிய வியாழன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இயேசு சிலுவையில் பாடுபடுவதற்கு முந்தின மாலை, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். அதை நினைத்து அன்று ஆலயத்தில் பன்னிரண்டு பேரை முன்னால் உட்காரவைத்து ஆயர் அவர்கள் கால்களைக் கழுவுவார். நான் பக்கத்தில் நின்று பேசினைப் பிடித்து, ஜக்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, துண்டு எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு பேர் யார் என்கிற பட்டியலும் என்னுடையதுதான். போன வருஷம் அந்தப் பட்டியலோடு ஒரு அறிவிப்பும் டைப் செய்து ஒட்டினேன்.

1. மாலை ஐந்தரைக்கு வந்துவிடவும்.
2. கால்களைக் கழுவிவிட்டு வரவும்.
3. காலில் புண், வெடிப்பு உள்ளவர்கள் தவிர்க்கவும்.

எல்லோரும் எப்படியும் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். வெந்நீர், சோப்பு, தேய்க்கிற கல், சிலர் பவுடர்கூட. ஆயர் கையில் அழுக்குக் காலைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஒருவர் மட்டும் கழுவாமல் வந்தார். சலோமி அக்கா. கொழுந்து எடுக்கிறவர். அவருடைய பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். வெள்ளிக்கிழமைக்குத்தான் லீவு, வியாழன் வேலை நாள். மழை நாளில் கொழுந்து நிறுத்து முடிய ஐந்தேகால் ஆகிவிட்டது. லயத்து வீட்டுக்குப் போய்வர நேரமில்லாமல் நேராக ஆலயத்துக்கு வந்துவிட்டார். கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, காலக் கழுவிட்டு வரலையா?" என்றேன்.

"கழுவத்தானே புள்ள கூப்பிட்ட?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ரத்தம் வருதுங்க்கா. இன்ஃபெக்ஷன் ஆயிரும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சரி புள்ள," என்று அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவருடைய இடத்தில் ஆபீஸ் கிளார்க்கின் மனைவியை உட்காரவைத்தேன். தண்ணீரை ஜக்கிலிருந்து ஊற்றுகிறோம். ஒருவர் காலில் பட்ட தண்ணீர் அடுத்தவர் காலில் படாது. அது எனக்குத் தெரியும். இன்ஃபெக்ஷன் என்கிற சொல்லை நான் ஏன் எடுத்தேன் என்பதும் தெரியும்.

அன்றைக்கு ஆயர் பேசியது, வயலில் உழுதுவிட்டு வந்த வேலைக்காரனைப் பற்றி. வந்த களைப்போடு அவன் எஜமானுக்குச் சாப்பாடும் பரிமாற வேண்டும். முடித்த பிறகு எஜமான் நன்றி சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது. செய்ய வேண்டியதைச் செய்தேன், அவ்வளவுதான் என்று அவன் சொல்ல வேண்டும். பேசினைப் பிடித்தபடி நான் தலையாட்டினேன். உழுதுவிட்டு வந்த களைப்போடு அந்த ஆலயத்தில் இருந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

குழாயோடு பதினோரு நாள் இருந்தேன். இயந்திரம் மூச்சு விட்டது. பேச முடியாது. கண்ணிமையை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. உடம்பில் உணர்வு முழுக்கப் போய்விடுவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். போர்வையின் எடை வலிக்கும். மூக்கு அரிக்கும், சொரிய முடியாது. என்னைப் பற்றி என் தலைக்கு மேலே பேசுவது எல்லாம் கேட்கும். அந்த அறையில் ஒரே வெளிச்சம். காலையா மாலையா என்று அம்மா வந்து சொன்னால்தான் தெரியும். அம்மாவைப் பத்து நிமிஷம் விடுவார்கள். வந்து என் காதில், வெளியே மேகம் இறங்கியிருக்கிறது, மார்க்கெட்டில் கேரட் வந்திருக்கிறது என்று இரண்டு செய்தி சொல்லிவிட்டுப் போவார்.

என் பட்டியலுக்குப் பதில் வரவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு நானே ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன், வேறு வேலையில்லை. வயரிங் செய்தபோது ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார்கள். நட்சத்திரம் கட்டியதற்குச் சால்வை. கிண்ணம் கழுவியதை யாரும் சொல்லாத வருஷம் நானே ஒரு வார்த்தை நினைவுபடுத்தினேன். பதினோரு வரியிலும் நன்றி வாங்கியாகிவிட்டது. பேசின் என்கிற வரிக்கு வரும்போதெல்லாம் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்ட அந்தக் கால்கள் வந்துவிடும். அதற்கு மேல் சரிபார்க்க முடியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். அதைச் செய்தவர் மல்லிகா என்கிற உதவியாளர். ஒவ்வொரு தடவையும், "திருப்பறேனுங்க, ஒன்னு, ரெண்டு," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். கண்ணை மூடிக் கிடந்தாலும் சொல்வார். மலம் துடைப்பதும் அவர்தான். என் மூக்கு அரிக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அன்று முதல் திருப்பும்போதெல்லாம் துணியால் ஒரு தடவை மூக்கைத் தேய்த்துவிடுவார்.

குழாயை எடுத்த மறுநாள் எனக்குக் கரகரப்பாக ஒரு குரல் வந்தது. அவர் சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரொம்ப நன்றிங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எதற்குச் சொல்கிறேன் என்று புரியாத பார்வை.

"டூட்டிங்க," என்றார். பையை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய், "திருப்பறேனுங்க," என்று ஆரம்பித்துவிட்டார்.

வார்டுக்கு மாற்றினார்கள். அது நல்ல செய்தி. ஆனால் வார்டில் ஊட்டிக் குளிர் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது, துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. என் பாதம் ஐஸ்போல இருக்கிறது என்று அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு மாலை பஜாருக்குப் போய் ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கி வந்து, பக்கத்து வார்டில் வெந்நீர் கேட்டு நிரப்பி, துண்டில் சுற்றி, என் இடது குதிகாலுக்குக் கீழே வைத்தார். எங்கள் பக்கம் குளிர் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம். துண்டு விலகியிருக்கிறது. பாதத்தில் மட்டும் உணர்வு திரும்பியிருக்கவில்லை, எனக்குச் சுடவில்லை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். நர்ஸ் வந்து போர்வையை விலக்கியபோது குதிகாலில் தோல் உப்பி நீர் கோத்திருந்தது.

அம்மா அழவில்லை. பையைத் திறந்து தண்ணீரைக் கொட்டினார். காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு வலிக்கலைம்மா," என்றேன். தேற்றுவதற்காகத்தான் சொன்னேன். அதைவிட மோசமான வார்த்தையை நான் சொல்லியிருக்க முடியாது.

சலோமி அக்கா பார்க்க வந்தது அந்த வாரம். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் பேர் போட்டுக்கொள்ளாமல் வந்திருந்தார். ஒரு நாள் பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தூக்குவாளியில் கஞ்சி. கட்டுப் போட்ட என் காலைப் பார்த்தார்.

"இதென்னா புள்ள, ஆஸ்பத்திரியிலயும் அட்டையா?"

நான் சிரிக்கப் பார்த்தேன், முகத்தின் ஒரு பாதி இன்னும் சரியாக வரவில்லை. சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அவர் மறித்துவிட்டார்.

"அடச்சீ, அதையா நெனச்சிக்கிட்டுக் கெடக்க? நான் எப்பவோ மறந்துட்டேன். வாயத் தொற."

மீதி இரண்டு வாக்கியங்களும் கஞ்சியோடு உள்ளே போயின.

நான்கு மாதம் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதம் தொங்காமலிருக்கக் காலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டை உரசி, ஆறிய குதிகால் மறுபடி திறந்தது. ஆறும், திறக்கும். இன்றுவரை அப்படித்தான். முட்டிக்குக் கீழே உறை வளர்ந்ததாகத் தெரியவில்லை. வளரலாம் என்கிறார்கள். ஃபேக்டரியில் என் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் பெரிய வியாழனுக்கு ஒரு வாரம் முன்னால் ஆயர் வீட்டுக்கு வந்தார். "பட்டியல் நீயே போடும்மா," என்றார். போன வருஷத்து அறிவிப்பைத் திறந்தேன். மூன்றாவது வரியின்படி நான் தவிர்க்கப்பட வேண்டியவள். இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் அழித்தேன். பட்டியலில் முதல் பெயராக சலோமி என்று அடித்தேன். பேசினைப் பிடிக்க மேசன் ஒருவரின் மகளைப் போட்டேன். எனக்குத் துண்டு கொடுக்கிற வேலை, நாற்காலியில்.

வியாழன் மாலை சலோமி அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அரை நாள் லீவு போட்டிருக்கிறார். புது சாக்ஸ். கழற்றியபோது பார்த்தேன். கல்லால் தேய்த்துத் தேய்த்து இரண்டு குதிகாலும் சிவந்து, வெடிப்பின் ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. மஞ்சள் பூசியிருந்தார். நகங்களுக்குள் ஒரு துளி கறுப்பு இல்லை.

"இப்ப சரியா புள்ள?" என்றார் மெதுவாக. கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"ரூல எடுத்துட்டேனுங்க்கா. அறிவிப்புப் பாக்கலையா?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? போன வருஷம் நீ சொன்னதுதான்."

ஆயர் முழங்காலில் நின்றார். சிவந்த தோல்மேல் வெந்நீர் பட்டதும் சலோமி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டதை நாற்காலியிலிருந்து பார்த்தேன். துண்டைக் கொடுத்தேன். பிறகு அடுத்தவருக்கு.

கூட்டம் கலைந்த பிறகு பன்னிரண்டு ஈரத் துண்டுகள் பேசினில் கிடந்தன. போன வருஷம்வரை அவற்றை அலசிக் காயப்போடுவதும் நான்தான். பேசின் பிடித்த பெண்ணிடம் அதை என் மடியில் வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கினேன். என் விரல்களுக்கு இன்னும் அந்தப் பலம் வரவில்லை; என்றாலும் பன்னிரண்டையும் முடித்து பெஞ்சின் கைப்பிடியில் போட்டேன். வெகுநேரம் ஆயிற்று. சலோமி அக்கா சாக்ஸ் போடாமல் வெறுங்காலோடு வந்தார். நான் பிழிந்துவைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பிழிந்தார். பன்னிரண்டு துண்டுகளிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.